துணைப் புரதமும் நினைவும்

நினைவு உடலின்கண் எதனைப் பற்றி நிற்கின்றது என்னும் வினா தொன்றுதொட்டு அறிஞர் உள்ளத்தைக் கவர்ந்து வருவதாகும். அவ்வினா முழுமைக்கும் விடை கூறப் புகுந்தேமல்லேம். மூளையின் நரம்பணுக்களினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்குழல்கள் உள. அவற்றின் அமைப்பிற்குத் துணைபுரியும் புரதங்களும் உள. அத்துணைவரின் தொழிலையும் திரிபையும் மட்டும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதுகுத்தண்டின் நரம்பணு ஒன்றினின்று புறப்படும் ஆக்ஸான் என்னும் நீளிழை, காலடிவரை சென்று ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் எய்துதலும் உண்டு. அதன் கோடிக்கு வேண்டும் பொருள்களுட் பெரும்பாலன அணுவின் உடலிலே ஆக்கப்பெற்று அனுப்பப்படுதலின், இடையே பாதை இன்றியமையாததாயிற்று. அப்பாதையே நுண்குழல். டியூபுலின் என்னும் புரதத்தின் இரட்டை அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோவையுற, அத்தகைய கோவைகள் பொதுவாக 13 ஒருங்குகூடி, 25 நானோமீட்டர் விட்டமுள்ள குழலாகின்றன.

இக்குழல் ஒருமுறை கட்டி முடித்த மதில் போன்றதன்று. சிறிது வளரும், திடீரெனக் குலைந்து சுருங்கும், மீண்டும் வளரும். இவ்வியல்பை 1984-ஆம் ஆண்டில் மிச்சிசனும் கிர்ஷ்னரும் விளக்கினர். அதற்கு முன்னரே, 1975-ல், கிர்ஷ்னரும் அவர்தம் பிரின்ஸ்டன் துணைவரும் பன்றியின் மூளையினின்று எடுத்த டியூபுலினை உடனுறை புரதங்களினின்று பிரித்து நோக்கினர். தனித்த டியூபுலின் அந்நிலையிற் குழலாகவில்லை. பிரித்த புரதம் ஒன்றை மீளச் சேர்த்த அளவிலே குழல்கள் எழுந்தன. அத்துணைவனுக்கு டௌ என்னும் கிரேக்க எழுத்தின் பெயரை இட்டனர்.

டௌ பெரும்பாலும் ஆக்ஸானில் வாழும். அதன் உறவாகிய எம்.ஏ.பி.-2 என்னும் புரதமோ நரம்பணுவின் கிளையிழைகளில் வாழும். முன்னதன் துணையிற் குழல்கள் நெருங்கியும், பின்னதன் துணையில் அகன்றும் நிற்கும். டௌவின்மேற் பாஸ்பேட் ஏறுந்தோறும் அதன் பிடி தளரும். அது நீங்கிய வழிப் பிடி இறுகும். இத்தளர்ச்சி தன்னளவிற் குற்றமன்று. உயிருள்ள அணுவிற்கு நெகிழ்வும் வேண்டும். அளவு மிகுதலே கேடு.

அக்கேட்டின் பயனை யாம் எம் இல்லத்திலேயே கண்டோம். எம் பாட்டியார் முதலில் அடுப்பிலிட்ட உலையை மறந்தார். பின்னர் நன்கறிந்த தெருவை மறந்தார். இறுதியில் தாம் பெற்ற மக்களின் பெயரையும் மறந்தார். உறவினருட் சிலர் அதனைப் பிடிவாதம் என்றனர். வேறு சிலர் முதுமையின் இயல்பு என்றனர். மருத்துவர் அல்சைமர் நோய் என்றார்.

1906-ல் ஜெர்மனி தேசத்து மருத்துவராகிய அல்சைமர், மறதியுற்று இறந்த அம்மையார் ஒருவரின் மூளையை ஆராய்ந்து, நரம்பணுக்களினுள்ளே நூற்சிக்குப் போன்ற முறுக்குகளைக் கண்டுரைத்தார். அவை யாவை என்பது நெடுநாள் விளங்கவில்லை. எண்பது ஆண்டுகள் கழிந்து, 1986-ஐ ஒட்டியே, அம்முறுக்கின் முதற்பொருள் பாஸ்பேட் மிக்க டௌவே என்பது தெளிவாயிற்று. பாதையைத் தாங்க வேண்டிய துணைவனே பாதையை விட்டு நீங்கித் தன்னொடு தானே பிணைந்து சிக்காயினான்!

துணை இழந்தமைதான் முழுக்கேடோ எனின், அன்று. 1994-ல் டௌ அறவே இல்லாத எலிகளை ஆக்கி நோக்கியபோது அவை உயிர்வாழ்ந்தன. அவற்றில் உறவுப் புரதமொன்று மிகுந்திருந்தது. 1998-லோ, டௌவின் மரபணுவிற் பிழையுற்ற குடும்பங்களில் அறிவுக்குலைவு நோய் வழிவழி வருதல் கண்டறியப்பட்டது. ஆதலின் துணையின் இழப்பினும் துணையின் திரிபே கொடிது என்று கருத இடமுண்டு.

இந்நோயை முற்றும் நீக்கும் மருந்து இதுகாறும் கிட்டிற்றில்லை. அதனைத் தேடும் பணி இக்கல்லூரி மாணவர் சிலருக்கேனும் வாய்க்குமாக. ஏனையோர்க்கும் ஒரு பணி உண்டு. ஒரே வினாவைப் பத்தாம் முறை வினவும் முதியோரைக் கடிந்துகொள்ளற்க. மறப்பது அவர் மனமன்று. பாதை தகர்ந்த நரம்பணுவே. பத்தாம் முறையும் முதன்முறை போலவே விடை கூறுக.