சொந்த சர்வரும் அதன் காவலும்

சொந்தமாக ஒரு சர்வரை அமர்த்திக்கொண்டு தம் எழுத்துக்களைத் தாமே ஏற்றி நடத்திவரும் நண்பர்கள் பலர், தளம் ஒழுங்காகத் திறக்கிறது என்ற ஒரே திருப்தியில் காலத்தைக் கழித்துவிடுவதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே விசாரம் உண்டாகிறது. லாக் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்: 22ஆம் போர்ட்டின் வழியாக, ரூட் என்றும் அட்மின் என்றும் பெயர் சொல்லிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் இயந்திரங்கள் இரவு பகல் என்ற பேதமின்றிப் பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் பரீட்சித்துக்கொண்டிருப்பது வரிவரியாகத் தெரியும்; வேர்ட்பிரஸ்ஸே நிறுவியிராத தளத்திலும் அதன் லாகின் பக்கத்தைத் தேடி அவை வந்துபோகும். பாஸ்வேர்டு வழியை அறவே அடைத்து, எஸ்எஸ்எச் சாவி உள்ளவர் மட்டுமே நுழையலாம் என்று செய்துவிட்டால் இந்த உபத்திரவத்தில் பெரும்பகுதி பலிக்காது. தளத்தின் எச்டிடிபிஎஸ் இணைப்புக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் அற்பாயுள் கொண்டதாகையால், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை, குறித்த வேளையில் வேலையைத் தானே செய்யும் கிரானிடம் ஒப்படைத்துவிடலாம்.

பேக்கப் விஷயந்தான் பிரதானம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றி ஒரு கட்டடம் முற்றிலும் நாசமானபோது, மூலத்தையும் நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருங்கே பறிகொடுத்தார்கள். ஆகையால் டேட்டாபேஸ் டம்பையும் படங்கள் உள்ள ஃபோல்டரையும் வேறு ஊரிலுள்ள வேறு நிறுவனத்தின் இயந்திரத்திற்கு நாள்தோறும் அனுப்புவதோடு நில்லாமல், அவ்வப்போது அந்த நகலைக் கொண்டு ஒரு காலி இயந்திரத்தில் தளத்தை எழுப்பியும் பாருங்கள்; டம்ப் பாதியிலேயே அறுந்திருந்தால் அப்போதுதான் புலப்படும்.