கரண்ட் போனா கோட் மெதுவாகும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க வீடு. தறிச் சத்தத்துக்கு நடுவுல உட்கார்ந்து மானேஜருக்கு மெயில் தட்டினேன்: "பைத்தான் 3.10-ல இருந்து 3.14-க்கு மாறினா நம்ம புரோகிராம் 60 சதவீதம் வேகமா ஓடுது."

அப்பாகிட்ட பெருமை அடிச்சேன். அவர் தறியை நிறுத்தாமலே கேட்டார். "ரெண்டையும் ஒரே மாதிரி வச்சா பார்த்தே?"

அப்புறம் அவர் கதை. கோர்வைச் சேலைக்கு மூணு நாடா, கரைப்பக்கம் உதவிக்கு ஒரு ஆள் வேணும். புதுப் பையன் வந்ததும் சேலை ரெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சுதாம். "அவன்தான் கெட்டிக்காரன்னு நினைச்சேன்டா. முந்தின சேலைக்குப் பாவு அறுந்து அறுந்து, முடிச்சுப் போட்டே ரெண்டு நாள் போனது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. 3.10-ஐ ஓட்டினப்ப கரண்ட் கட்! லேப்டாப் பேட்டரியில இருந்தா மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைச்சுக்கும். 3.14 ஓடினப்ப கரண்ட் வந்தாச்சு.

பெரிய தலைங்களுக்கே இது நடந்திருக்கு. நாம எழுதுற கோடை ஒவ்வொரு கட்டளையா எடுத்துச் செய்யறதுதான் இன்டர்பிரட்டர். 3.14-க்குன்னு புதுசா ஒண்ணு செஞ்சு, 2025 பிப்ரவரியில சராசரியா 9 முதல் 15 சதவீதம் வேகம்னு சொன்னாங்க. மார்ச்சில நெல்சன் எல்ஹேஜ் தோண்டிப் பார்த்தார். பழைய இன்டர்பிரட்டரைக் கட்டின கிளாங் 19 கம்பைலர்ல ஒரு பிழை, அதனால பழசு நியாயத்துக்கு மேல மெதுவா ஓடியிருக்கு. புதுசைச் செஞ்ச கென் ஜின் வெளிப்படையா மன்னிப்புக் கேட்டார். 3.14 ஆவணத்துல இப்ப 3 முதல் 5 சதவீதம்னுதான் இருக்கு.

நானும் சார்ஜரைச் சொருகி, பிரவுசரை மூடி, பழசு புதுசுன்னு மாத்தி மாத்தி இருபது தடவை ஓட்டி, நடு மதிப்பை எடுத்தேன். 22 சதவீதம்.

அதுக்குள்ள மானேஜர் பதில் போட்டாச்சு: "சூப்பர், ரெண்டு சர்வரை நிறுத்திடலாம்." திருத்தி எழுத கை வரலை. அப்ரைசல் வேற பக்கத்துல :-( ஆனா சர்வரை நிறுத்தின பிறகு தெரிஞ்சா? அனுப்பிட்டேன். "சரி, நிறுத்த வேணாம்"னு ஒரே வரி வந்துச்சு. கோபமா இல்லையான்னு இன்னும் புரியலை.

அப்பாகிட்ட 22-ன்னேன். "அதுவும் கூலிதானே"ன்னுட்டு அடுத்த நாடாவைத் தள்ளினார்.

மக்களே, அடுத்த தடவை அளக்கறப்ப முதல்ல சார்ஜரைப் பாருங்க.