மயிலாப்பூரில் ஒரு ஹவாரி

போன செமஸ்டர் எங்களுக்கு ஒரு பிரசென்டேஷன். தலைப்புகளைத் துண்டுக் கடதாசியில எழுதி மடிச்சு, குலுக்கி எடுக்கச் சொன்னாங்க. எனக்கும் மட்டக்களப்புத் தோழி ஒருத்திக்கும் சேர்த்து வந்தது இதுதான்: ‘ஆரம்பகாலக் கிறிஸ்தவத்தில் திருத்தூதர்களின் வகிபாகம்’. அவள் கத்தோலிக்கப் பிள்ளை, துண்டைப் பார்த்ததும் சிரிச்சிட்டாள். நான் இறக்காமம். குளத்தையும் வயலையும் பள்ளிவாசலையும் பார்த்து வளர்ந்தவள். சேர்ச் ஒன்றுக்குள்ள கால் வச்சது வாழ்க்கையில ஒரு தடவைகூட இல்ல.

(பிறகு வாசிக்கும்போதுதான் தெரிஞ்சது, யூதாசின் இடத்துக்கு மத்தியாஸ் என்பவரைத் தெரிவுசெய்ததும் சீட்டுப் போட்டுத்தானாம். எங்கட தலைப்பு வந்த முறையில பிழையில்ல.)

முதல் நாளே சொல்லில் முட்டிக்கொண்டோம். அவள் “திருத்தூதர் பன்னிரண்டு பேர்” எண்டாள். எனக்குத் தூதர் எண்டா நபிமார். “தூதர் எண்டு அவங்களச் சொல்லலாமா?” எண்டு கேட்டுட்டன். அவள் கொஞ்சம் யோசிச்சு, “எங்கட பெரியம்மா வீட்டில அப்போஸ்தலர் எண்டு சொல்லுவாங்க, அவங்க புரட்டஸ்தாந்து” எண்டாள். ‘அப்போஸ்தொலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு அனுப்பப்பட்டவர் என்று பொருள். அரபியில் ‘ரசூல்’ என்பதும் அதுதான். ஆனால் குர்ஆன் ஈஸா நபியின் தோழர்களுக்கு அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லை. ‘ஹவாரிய்யூன்’ என்கிறது. தப்ஸீர்களில் அதற்கு வெள்ளாடை உடுத்தவர்கள், துணி வெளுப்பவர்கள் என்றெல்லாம் விளக்கம் இருக்கு. இக்கால மொழியாய்வாளர்கள் பலர் அது எத்தியோப்பியாவின் கீஸ் மொழியிலிருந்து வந்தது என்கிறார்கள். அந்த மொழி பைபிளில் அப்போஸ்தலருக்கு வழங்கும் சொல்லும் அதேதான்.

குர்ஆனில் அவர்கள் எத்தனை பேர் என்றும் இல்ல, ஒருவருக்கும் பேரும் இல்ல. ஐந்தாவது சூராவில் அவர்கள் வானத்திலிருந்து ஒரு உணவுத் தட்டு இறங்கவேண்டும் என்று கேட்கிறார்கள். மாயிதா என்ற சூராவின் பேரே அதிலிருந்துதான். ஏன் கேட்டீர்கள் என்றால், உள்ளம் அமைதியடைய என்கிறார்கள். இதைச் சொன்னதும் தோழி, “அப்ப எங்கட தோமா மாதிரி” எண்டாள். உயிர்த்தெழுந்தவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று நின்ற தோமா.

வேலை தொடங்கியபோது நான் நினைச்சது, பன்னிரண்டு பேரும் ஒரே மனமாய்ப் போய்ப் பிரசாரம் செய்திருப்பாங்க எண்டுதான். அப்படி இல்ல. சண்டை பிடிச்சிருக்காங்க. யூதரல்லாத ஒருவர் இயேசுவை ஏற்றால் விருத்தசேதனம் செய்யணுமா, அவரோடு ஒரே மேசையில சாப்பிடலாமா? இதுதான் பெரிய பிரச்சினை. கி.பி. 49 அளவில் எருசலேமில் கூடிப் பேசுகிறார்கள். விருத்தசேதனம் கட்டாயமில்லை என்று முடிவாகிறது. ஆனாலும் அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சிலர் வந்ததும் பின்வாங்க, பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். பவுல் பன்னிரண்டு பேரில் ஒருவரே இல்ல. இயேசுவோடு நடந்து திரிஞ்சவரும் இல்ல. நானும் அப்போஸ்தலன்தான் என்று கடைசிவரை வாதாடவேண்டியிருந்த மனிசன். எனக்கு அவரில ஒரு இரக்கம்.

சாப்பாட்டுக்காக இவ்வளவு சண்டையா என்று எங்கட பக்கத்து ஆக்கள் கேட்கமாட்டாங்க. கொத்து ரொட்டியில மருந்து கலந்தாங்க எண்ட ஒரு வதந்தியில, 2018 பெப்ரவரியில அம்பாறை நகரத்துப் பள்ளிவாசலும் கடைகளும் உடைபட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

அப்போஸ்தலர்கள் செத்தபிறகு என்ன நடந்தது என்ற பகுதி எனக்கு வந்தது. இதைத்தான் பயந்தேன், இதுதான் லேசாய் இருந்தது. கி.பி. 180 அளவில் ஆளாளுக்கு ஒரு போதனையைச் சொல்லி இதுதான் இயேசு சொன்னது என்கிறார்கள். லியோன் நகரத்து ஆயர் இரனேயு என்ன சொல்கிறார்? நான் சின்ன வயசில பொலிகார்ப்பிடம் கேட்டேன். பொலிகார்ப் யோவானோடு பழகியவர். யோவான் இயேசுவைக் கண்டவர். நான் கத்திட்டன். “புள்ள, இது ஸனது!” அவளுக்கு விளங்கல்ல. ஹதீஸ் ஒன்றை யார் யாரிடம் கேட்டார் என்று சங்கிலியாய்ச் சொல்வதுதான் ஸனது என்று விளக்கினன். “ஓ, எங்கட ஆயர்மாரும் அந்த வரிசையிலதான் வாறாங்க எண்டு சொல்லுவாங்க” எண்டாள். சங்கிலியில கடைசியாய் நிற்கிறவன் பொய் சொன்னா என்ன செய்யிறது எண்டு கேட்டாள். எங்கட ஆக்கள் அதுக்காகவே அறிவிப்பாளர்களைப் பற்றி ஒரு கலையையே வளர்த்தாங்க எண்டன். பெருமையாய்த்தான் சொன்னன்.

தோமாவுக்கு அப்படி ஒரு உறுதியான சங்கிலி இல்ல. அவர் இந்தியா வந்தார் என்று சொல்லும் ‘தோமாவின் பணிகள்’ மூன்றாம் நூற்றாண்டில் சிரியாப் பக்கம் எழுந்த நூல். அதில் அவர் தச்சனாய் ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்டு, குந்தபோரஸ் அரசனுக்கு மாளிகை கட்ட வருகிறார். தந்த காசையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகை வானத்தில எழும்பியிருக்கு என்கிறார். கதைதான் எண்டு வச்சிருந்தாங்க. பிறகு அந்தப் பேரில ஒரு அரசன் ஆண்டதற்கு நாணயங்கள் கிடைச்சது, அதுவும் இந்தியாவின் வடமேற்கில. தோமா வந்ததற்கு நாணயம் சாட்சி சொல்லாது. மயிலாப்பூர் கல்லறையையும் என்னால நிரூபிக்கேலாது.

ஆனால் அந்தக் கல்லறைக்கு யார் போனாங்க என்பதுக்கு ஒரு சாட்சி இருக்கு. 13 ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையால் போன மார்க்கோ போலோ, அங்கே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள் என்று எழுதுகிறார். மண் எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுப்பதையும் சொல்கிறார். முஸ்லிம்கள் அவரைத் தங்களில் ஒருவர் என்கிறார்களாம், ‘அவரியான்’ என்று ஒரு பட்டம் கொடுத்து அழைக்கிறார்களாம். போலோ அதற்குப் புனிதர் என்று பொருள் எழுதிவைத்தார். பின்னால வந்த அறிஞர்கள்தான் கண்டுபிடிச்சாங்க, அது ஹவாரி.

நான் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசிச்சன். மத்ரஸாவில ஓதின சொல், எழுநூறு வருசத்துக்கு முந்தி மயிலாப்பூர்க் கடற்கரையில, ஒரு கிறிஸ்தவப் புனிதரின் கல்லறையில. எங்களப் போல தமிழ்க்கரை முஸ்லிம்களின் வாயில அது இருந்திருக்கும்.

தோழிக்கு உடனே அனுப்பினன். அவள் கனநேரம் பதில் போடல்ல. பிறகு, “இதப் போடுவமா? ஆரும் ஏதும் சொல்லுவாங்களா?” எண்டு மட்டும் கேட்டாள்.

அப்பதான் நாங்க ரெண்டு பேரும் இதுவரை பேசாத ஒன்று நடுவில வந்தது. 2019 ஏப்ரல் 21. சீயோன் சேர்ச்சில் குண்டு வெடித்தபோது அவள் தன்ட கோயிலில் ஈஸ்டர் பூசையில. சத்தம் கேட்டதாம். அந்தக் குண்டைக் கட்டிக்கொண்டு போனவன் ஓதினதும் நான் ஓதுற அதே குர்ஆன். எனக்கு அப்ப 15 வயசு. ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில அந்தக் கூட்டம் தங்கியிருந்த வீட்டில, குழந்தைகளும் சேர்த்து வெடிச்சுச் செத்தாங்க. ஊரடங்கு. வீடுவீடாய்ச் சோதனை வருது எண்டு கதை. வாப்பா அரபு எழுத்துள்ள கிதாபுகளை, தப்ஸீரையும் சேர்த்து, உரப்பையில கட்டி நெல் மூட்டைகளுக்கு அடியில வச்சார். உம்மா அழுதா. எனக்கு அழுகை வரல்ல, வெட்கமாய் இருந்தது. யாருக்கு முன்னால வெட்கம் எண்டு இண்டைக்கும் சொல்லத் தெரியாது.

இதையெல்லாம் அவளுக்கு வொய்ஸ் மெசேஜில சொன்னன். அவள், “எனக்கும் உன்னோட குரூப் வந்த அண்டைக்குப் பயமாய்த்தான் இருந்த” எண்டாள். அந்தத் துண்டைப் பார்த்துச் சிரிச்சது அதாலதானாம்.

பிரசென்டேஷனில் போட்டோம். ஒருத்தர் எழும்பிக் கேட்டார்: “அப்ப நீங்க தோமாவ முஸ்லிமாக்கப் பாக்கிறீங்களா?” நான் பதில் தேடமுந்தி அவள் சொன்னாள்: “இல்ல. கல்லறைக்கு வந்தவங்க ஆர் எண்டு சொல்லுறம்.” கேட்டவர் திருப்தியாய் இருந்தார் எண்டு சொல்லமாட்டன். புள்ளி பரவாயில்ல.

லீவுக்கு ஊருக்குப் போனபோது வாப்பாவிடம் அந்த உரப்பையைப் பற்றிக் கேட்டன். கிதாபுகள் எப்பவோ அலுமாரிக்குத் திரும்பிட்டுதாம், எனக்குத்தான் தெரியாது. தப்ஸீரின் அட்டை ஓரத்தில இன்னும் யூரியா வாசம். ஸஃப் சூராவின் கடைசி ஆயத்து, ஹவாரிய்யூன் எண்ட இடத்தில விரலை வச்சுப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினன்.

“இதில தோமா எங்க?” எண்டு கேட்டாள்.

“பேர் இல்ல புள்ள. எல்லாரும் ஒண்டாத்தான் நிக்காங்க.”