கழிவில் எரியும் அடுப்பு

2022-ஆம் ஆண்டு செகந்திராபாத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வூர் நண்பர் ஒருவர், "சாமி, சார்மினாரை எல்லோரும் பார்க்கிறார்கள். நாளை விடியற்காலையில் எங்கள் காய்கறிச் சந்தையைப் பார்க்க வாருங்கள்" என்று அழைத்தார். சந்தையில் பார்க்க என்ன இருக்கிறது என்று எண்ணியவாறே உடன் சென்றேன்.

போவன்பள்ளியில் அமைந்துள்ள டாக்டர் அம்பேத்கர் காய்கறிச் சந்தை அது. லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நசுங்கிய தக்காளி, கோசின் மேல்தழை, சொத்தைக் கத்தரி ஆகியவை காலடியில் கிடந்தன. இத்தகைய கழிவு நாளொன்றுக்குச் சுமார் 10 டன் சேருகிறதாம். அதிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிபொருளும் கிடைப்பதாக, 2021 ஜனவரி 31 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் குறிப்பிட்டார்.

இதற்கான நுட்பத்தை வகுத்தது, ஹைதராபாத் தார்நாகாவிலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம். முதலில் கழிவைத் தரம் பிரித்து, அரைத்துக் கூழாக்குகிறார்கள். காற்றுப் புகாத பெருங்கலத்தில் அக்கூழைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சிதைக்க, மெத்தேன் மிகுந்த வாயு பிறக்கிறது. அது பெரும் பைகளில் சேர்ந்து, மின்னாக்கியை ஓட்டுகிறது; சந்தை உணவகத்தின் அடுப்பையும் எரிக்கிறது. எஞ்சும் சக்கை எருவாகிறது. நிலம் கொடுத்தது நிலத்திற்கே திரும்புகிறது.

குப்பைமேட்டின் அடியிலும் இதே வாயுதான் உண்டாகிறது. ஆனால் அங்கே அதைப் பிடித்து வைப்பாரில்லை, வானில் கலந்துவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 25 மடங்கிற்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும் வல்லமை மெத்தேனுக்கு உண்டு. எரிக்காமல் விட்டால் கேடு, எரித்தால் சோறு!

"இதற்குப் பெரிய பகை எது?" என்று கேட்டேன். நண்பர் கீழே குனிந்து, தழைக்குள் சிக்கியிருந்த ஒரு பிளாஸ்டிக் கயிற்றை உருவிக் காட்டினார். பாக்டீரியாவுக்கு அது உணவன்று; இயந்திரத்திற்கோ அது சுருக்குக் கயிறு.

அக்கயிறு என் மனத்தையும் சுற்றிக்கொண்டது. எங்கள் பங்கின் திருவிழா அசனம் முடிந்ததும், எச்சில் இலை, காய்த்தோல், பிளாஸ்டிக் குவளை யாவற்றையும் ஒரே குழியில் கொட்டச் சொன்னவன் நானேயன்றோ? மறுவாரமே சுவரையொட்டிய வீட்டுப் பாட்டியார், "சாமி, நாற்றம் தாங்கவில்லை" என்று வந்து முறையிட்டபோது, மண்ணைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு, என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சந்தை உணவகத்தில் தேநீர் அருந்தினோம். சுவையில் ஒரு வேறுபாடுமில்லை.

ஊர் திரும்பியபின் வந்த அசனத்தில், பந்தலின் பின்புறம் இரண்டு கூடைகள் வைத்தோம். ஆலை அமைக்கும் வசதி நமக்கில்லை. காய்த்தோலும் இலையும் மட்கி, தோட்டத்திற்கு எருவாயின. பாட்டியார் இம்முறை வந்தது முறையிடவன்று. தம் முருங்கைக்கு ஒரு கூடை எரு கேட்கவே.

அன்பர்களே, பிரிக்கும் வேலை சந்தையில் தொடங்குவதில்லை. நம் அரிவாள்மணையின் அருகிலேயே அது தொடங்குகிறது.