எடைக்குப் போன புத்தகம்

என்னுடைய நாவல் ஒன்று கட்டிலுக்கு அடியில் நாலு கட்டுகளாக வெகு காலம் கிடந்தது. பிரசுரிக்க யாரும் முன்வராததால் நானே கைப்பணம் போட்டு அச்சிட்டது அது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தபோது, அந்தக் கட்டுகளை எங்கே நகர்த்துவது என்ற பிரச்னை எழுந்தது. "இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றாள் என் மனைவி. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். அதுதான் உறைத்தது.

பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பிரதியை உருவி எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்தார். "அட்டையைத் தனியாக் கிழிச்சுப் போடணும் சார். உள்ளே தாள் நல்ல தாள்தான்" என்றார். என் நாவலைப் பற்றி இத்தனை நிதானமான விமரிசனம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் நண்பர் ஒருவர் வந்தார். கல்லூரியில் முப்பது வருஷம் பொருளாதாரம் போதித்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. "உம்மைப் போல ஒரு ஜெர்மன்காரன் இருந்தான் ஐயா" என்று ஆரம்பித்து, இரவு ஒன்பது மணி வரை பேசினார். போகும்போது, "படித்துப் பாரும், மறுநாள் கொண்டு வருகிறேன்" என்றார். சொன்னபடி மூன்று தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். பொருளாதார சாஸ்திரத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் மாதக் கடைசியில் மட்டும் ஏற்படுவது. ஆனாலும் அந்த ஜெர்மன்காரனுக்காகப் படித்தேன்.

அவர் பெயர் ஹெர்மன் ஹைன்ரிக் கோஸன். 1810-ல் ட்யூரன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் சொன்னபடி சட்டம் படித்து, பிரஷ்ய சர்க்காரில் உத்தியோகம் பார்த்தார். உத்தியோகத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 1847-ல் அதை விட்டார். கூட்டுச் சேர்ந்து இன்ஷ்யூரன்ஸ் வியாபாரம் தொடங்கினார், அதுவும் நிலைக்கவில்லை. பிறகு உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். 1854-ல் பிரவுன்ஷ்வைக் நகரில் சொந்தச் செலவில் வெளியிட்டார்.

புத்தகத்தின் மூலக் கருத்தைச் சொல்ல ஒரு மாம்பழம் போதும். முதல் பழம் அமிர்தம். இரண்டாவது நன்றாகவே இருக்கும். ஐந்தாவதை யாராவது வற்புறுத்தினால்தான் தின்போம். ஒரு பொருள் தரும் இன்பம், அது சேரச் சேரக் குறைகிறது. ஆகவே கையில் உள்ள காசைப் புத்திசாலித்தனமாகச் செலவிட வேண்டுமானால், ஒவ்வொரு பொருளிலும் போடும் கடைசிக் காசு ஒரே அளவு இன்பம் தரும்படி பங்கிட வேண்டும். இது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா என்று தோன்றும். தெரிந்ததுதான். ஆனால் இதைக் கணக்காக்கி, பொருளின் மதிப்பு எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு இதிலிருந்து விடை காண முடியும் என்று முழுமையாக எழுதிக் காட்டியவர் அவர்.

கோபர்னிகஸ் வானத்துக்குச் செய்ததை மனிதர்களின் கொடுக்கல் வாங்கலுக்குத் தாம் செய்துவிட்டதாக முன்னுரையில் எழுதினார். உலகம் அசையவில்லை. அதற்கு உலகத்தை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. கிட்டத்தட்ட முன்னூறு பக்கம், அத்தியாயப் பிரிவே கிடையாது. கதவும் ஜன்னலும் வைக்காமல் வீடு கட்டிவிட்டு, யாரும் உள்ளே வரவில்லையே என்று வருந்தினால் எப்படி? நாலு வருஷம் பொறுத்துப் பார்த்தார். விற்காத பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 1858-ல், நாற்பத்தெட்டு வயது நிரம்பு முன்பே, காச நோயால் இறந்து போனார்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். 1871-ல் ஜெவன்ஸ் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். அதே கருத்து, அதே கணித வழி. தாமே கண்டுபிடித்ததாக அவர் நம்பினார், அது உண்மையுந்தான். லோஸான் நகரில் பிரெஞ்சு மொழியில் எழுதிக்கொண்டிருந்த வால்ராஸ் 1874-ல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் அங்கே ஓர் ஆங்கிலேயர் முன்பே உட்கார்ந்திருக்கிறார்! இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. முதன்மை ஜெவன்ஸுக்கே என்று வால்ராஸ் ஒப்புக்கொண்டார். மனம் கசந்துதான் ஒப்புக்கொண்டிருப்பார்.

1878-ல், மான்செஸ்டர் கல்லூரியில் ஜெவன்ஸின் இடத்துக்கு வந்திருந்த ஆடம்சன் என்ற பேராசிரியர் ஒரு செய்தி சொன்னார். ஹங்கேரிக்காரரான கவுட்ஸ் எழுதிய ஒரு சரித்திர நூலில் கோஸன் என்ற பெயரை அவர் பார்த்திருக்கிறார். புத்தகத்தைத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் ஜெர்மன் புத்தக வியாபாரி ஒருவருடைய விலைப் பட்டியலில் அது கண்ணில் பட்டது, வாங்கிவிட்டார். ஜெவன்ஸுக்கு ஜெர்மன் தெரியாது. நண்பர் வாய்மொழியாகத்தான் விஷயத்தை அறிந்தார். தாம் சொன்னதையெல்லாம் பதினேழு வருஷம் முந்தி யாரோ ஒருவர் சொல்லி, செத்தும் போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? உலகத்தில் அந்தப் புத்தகம் யாருக்கும் தெரியாது. பிரதி நண்பர் கையில் இருக்கிறது. கொஞ்சம் மெளனமாக இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தாளனுடைய மனசு எனக்குத் தெரியும். அது அந்த மெளனத்துக்கு ஒரு நல்ல பெயரும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

ஜெவன்ஸ் 1879-ல் தம் நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, முன்னுரையில் கோஸனின் கதையைப் பக்கம் பக்கமாக எழுதினார். அடிப்படையிலும் முறையிலும் அவர் தம்மை முழுக்க முந்திவிட்டார் என்று ஒளிவுமறைவின்றி அறிவித்தார். மூன்று வருஷம் கழித்து, 1882 ஆகஸ்டில், கடலில் நீந்தப் போன இடத்தில் மூழ்கி இறந்தார். அந்த முன்னுரையை அவர் எழுதாமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இரண்டு நாள் போகவில்லை.

வால்ராஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கோஸனுடைய மருமகன் ஒருவர், கோர்ட்டூம் என்று பெயர், பான் சர்வகலாசாலையில் கணிதம் போதித்து வந்தார். அவரிடமிருந்து விவரங்கள் வாங்கி, 1885-ல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் கோஸனைப் பற்றி எழுதினார். வால்ராஸுக்கு நேர்ந்ததும் ஒன்றும் பெருமைப்படத் தக்கதல்ல. அவருடைய பெரிய நூல் முழுமையாக இங்கிலீஷில் வந்தது 1954-ல், எண்பது வருஷம்! கோஸன் வந்தது 1983-ல். பிரெஞ்சு தெரிந்த ஆங்கிலேயருக்கு அந்நாளில் பஞ்சமில்லை. ஆகவே மொழியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சரியல்ல. படிக்கத் தெரிவது வேறு, படிக்க வேண்டும் என்று தோன்றுவது வேறு. ஸ்வீடனைச் சேர்ந்த விக்ஸெல், நாலு பேர் படிக்கட்டும் என்று சொந்த மொழியை விட்டு ஜெர்மனில் 1898-ல் எழுதினார். அந்த நூல் இங்கிலீஷுக்கு வர 1936 ஆயிற்று. அதற்குப் பத்து வருஷம் முந்தியே மனிதர் காலமாகிவிட்டார். ஜெர்மனில் தமக்கு முன்பே தெரிந்த விஷயம்தான் தெளிவாகப் புரிகிறது என்று கீன்ஸ் தம்முடைய 1930-ம் வருஷத்து நூலில் ஓர் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வேடிக்கையின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

அவர்களில் ஒருவர் போலந்துக்காரர், மிஹால் கலெட்ஸ்கி. 1899-ல் பிறந்தவர். தகப்பனாரின் நூல் ஆலை நொடித்துப்போக, என்ஜினீயரிங் படிப்பை முடிக்க முடியாமல் நின்றுவிட்டார். பொருளாதாரம் எந்தக் கல்லூரியிலும் கற்றதல்ல. வேலையில்லாத் திண்டாட்டம் ஏன் வருகிறது, முதலீடு எப்படி லாபத்தை நிர்ணயிக்கிறது என்பதையெல்லாம் 1933-ல் போலிஷ் மொழியில் ஒரு சிறு நூலாக எழுதினார். 1936-ல் கீன்ஸின் பெரிய நூல் வெளிவந்து உலகத்தையே உலுக்கியது. கலெட்ஸ்கி அப்போது உபகாரச் சம்பளத்தில் ஸ்வீடனில் இருந்தார். புத்தகத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாராம். இது நான் எழுத நினைத்த புத்தகமல்லவா? அடுத்த அத்தியாயத்தில் வழி பிரியும் என்று நம்பிப் புரட்டினார். பிரியவில்லை. மூன்று நாள் படுக்கையில் கிடந்தார். பிறகு, கீன்ஸ் பெயர் பெற்றவர், அவர் சொன்னால் விஷயம் சீக்கிரம் பரவும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு எழுந்தார். இதை அவரே ஓர் ஆங்கிலப் பொருளாதார அறிஞரிடம் சொன்னதாகச் செய்தி.

மூன்று நாள் என்பதை நான் முழுக்க நம்புகிறேன். நாலாம் நாள் எழுந்ததைத்தான் நம்பச் சிரமமாக இருக்கிறது. எழுந்தவர் இங்கிலாந்துக்குப் போய் ஜோன் ராபின்சனைச் சந்தித்தார். தங்கள் வட்டத்துக்குள்ளேயே இருந்த புதுக் கருத்துக்களை எங்கிருந்தோ வந்த அந்நியர் கரைத்துக் குடித்தவர்போலப் பேசக் கண்டு அந்த அம்மாள் திகைத்துப் போனார். பின்னாளில் கலெட்ஸ்கிக்காக ஓயாமல் வாதாடியவரும் அவரே. கலெட்ஸ்கி தாமாக உரிமை கொண்டாடவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1966-ல் அந்தப் பழைய கட்டுரைகள் இங்கிலீஷில் வந்தபோது, இவை கீன்ஸின் நூலுக்கு முன்பு வெளியானவை, அதன் சாரம் இவற்றில் இருக்கிறது என்று முன்னுரையில் அடக்கமாகக் குறிப்பிட்டதோடு சரி. நம் தேசத்துக்கும் 1959-60-ல் வந்து, மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசனை சொன்னவர் அவர். 1970-ல் காலமானார்.

டால்ஸ்டாயும் மாப்பஸானும் எனக்கு இங்கிலீஷ் வழியாக வந்தவர்கள்தான். ஐரோப்பா முழுவதையும் அந்த ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவைப் பார்த்துவிட்டதாக இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

கோஸன் விஷயத்தில் ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. திரும்ப வாங்கிய பிரதிகளை அவர் அழித்துவிட்டார் என்று பல நூல்களில் காணலாம். ஆனால் 1889-ல் பெர்லின் பிரசுரகர்த்தர் ஒருவர் 'புதிய பதிப்பு' என்று கோஸனை வெளியிட்டார். பார்த்தால் உள்ளே இருந்தவை அதே 1854-ம் வருஷத்து அச்சுத் தாள்கள். முதல் பக்கம் மட்டும் புதிது. அந்தக் கட்டுகள் எங்கேயோ ஒரு வீட்டில், யார் கட்டிலுக்கு அடியிலோ, முப்பத்தைந்து வருஷம் இருந்திருக்கின்றன.

இதைப் படித்த மறுநாள் காலை பழைய பேப்பர் கடைக்குப் போனேன். மூன்று கட்டுகள் லாரி ஏறிவிட்டன. ஒரு கட்டு மூலையில் இருந்தது. விலை கேட்டேன். கிலோவுக்கு அவர் எனக்குக் கொடுத்ததைப் போல இரண்டு பங்கு சொன்னார். "நீங்கதானே எழுதினீங்க? வேணும்னு தேடி வர்றப்போ விலை வேறதானே சார்?" என்றார். இந்த சாஸ்திரத்தை அவர் எந்த மொழியில் படித்தாரோ தெரியவில்லை. பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்து, கட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். கூடத்தில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் சமையலறைப் பரணில் இரண்டு பாத்திரங்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள்.