இரு பெட்டிகள்

ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுவோர் அவர் தீட்டிய ஓவியங்களையே முதற்கண் எடுத்துரைப்பர். நான் கூறப் புகும் அம்மையாரோ, தாம் தீட்டாத ஓவியங்களால் பெரிதும் அறியப்பட்டவர். அவ்வோவியங்களின் அச்சுப் படிகள் அடங்கிய நூலொன்றை என் பழைய மாணாக்கர் ஒருவர் கொணர்ந்து காட்டினார். வீடு, மலர், பட்டாம்பூச்சி என எல்லாம் சிறுவர் கைவேலை. கோடு கோணியனவும் உண்டு. பலவற்றின் ஓரத்தில் வரைந்த பிள்ளையின் பெயர் காணப்பட்டது.

அப்பிள்ளைகளின் ஆசிரியை பிரீடில் டிக்கர் என்பார். அவர் 1898ஆம் ஆண்டில் வியன்னா மாநகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். தந்தையார் தாளும் எழுதுகோலும் விற்கும் கடையொன்றில் பணியாற்றியவர். அக்குழந்தையின் வீட்டில் எதற்குக் குறைவிருந்தாலும் தாளுக்குக் குறைவிருந்திராது என எண்ணுகிறேன்.

வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் என்னும் ஆசிரியரிடம் அவர் பயின்றார். பிறர் படத்தைப் பார்த்து எழுதச் செய்யாது, பிள்ளைகளைத் தம் மனம்போல் வரைய விடவேண்டும் என்பது சிசெக்கின் கொள்கை. அடுத்து வாய்த்த ஆசிரியர் யோகான்னஸ் இட்டன். ஜெர்மனியில் வைமார் நகரத்தில் தொடங்கிய பௌஹௌஸ் கலைப்பள்ளிக்கு 1919இல் இட்டன் சென்றபோது, பிரீடிலும் உடன் சென்றார். அங்கே ஓவியமும் நெசவும் அச்சுக்கலையும் கற்றார். பின்னர்ப் பெர்லினிலும், மீண்டும் வியன்னாவிலும் பிரான்ஸ் சிங்கர் என்பவரோடு கூடித் தொழிலகம் நடத்தினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க நாற்காலிகளையும் சிறு குழந்தைகளின் பள்ளிக்கு வேண்டிய பொருள்களையும் அவர்கள் வடிவமைத்தனர்.

1934இல் பொதுவுடைமையாளர் என்று அவரைச் சிறையிட்டனர். விடுதலை பெற்றதும் பிராகா நகரம் சென்றார். நாடிழந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே ஓவியம் கற்பித்தார். 1936இல் பாவெல் பிராண்டைஸ் என்பாரை மணந்தார். இருவரும் 1938இல் ஹ்ரோனோவ் என்னும் சிற்றூரில் குடியேறினர். இட்லரின் கொடுமை நெருங்கிக்கொண்டிருந்தது. பாலஸ்தீனம் செல்லும் இசைவுச் சீட்டு அம்மையாருக்குக் கிடைத்தது, கணவருக்குக் கிடைக்கவில்லை. அவர் போகவில்லை.

1942 திசம்பரில் இருவரையும் தெரேசின் என்னும் முகாமுக்குக் கொண்டு சென்றனர். ஒருவர் ஐம்பது கிலோ சுமைக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது என்பது கட்டளை. குளிரும் பசியும் காத்திருக்கும் இடத்திற்குச் செல்பவர் எதை எடுத்துச் செல்வார்? அம்மையார் தம் சுமையில் தாளும் வண்ணமும் வைத்தார். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தல் கூடாது. படம் வரைதலுக்குத் தடையில்லை. சிறுமியர் இல்லத்தில் தங்கி அவர் கற்பிக்கலானார். கொண்டுவந்த தாள் தீர்ந்தபின் பழைய அலுவலகப் படிவங்களின் மறுபுறம் பயன்பட்டது; கிழிந்த வண்ணத் தாள்களை ஒட்டியும் படங்கள் செய்தனர்.

பசிக்குச் சோறும் நோய்க்கு மருந்தும் இல்லாத இடத்தில் படம் எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. முகாமுக்கு வந்தோர்க்கெல்லாம், வண்டியேற்றும்போதே ஓர் எண் இட்டிருந்தனர். ஆசிரியையோ, வரைந்த படத்தில் உன் பெயரை எழுது என்றார். இதைப் படித்தபின் அவ்வினாவை நான் மீண்டும் கேட்கவில்லை.

பிள்ளைகளை விரைந்து தம்மைப்போல் ஆக்கிவிடப் பெரியவர்கள் ஏன் துடிக்கின்றனர் என்று அம்மையார் அம்முகாமிலேயே ஓர் உரையில் வினவினார். அது என்னைச் சுட்டது. நானும் பல்லாண்டு வகுப்பறையில் நின்றவன். கரும்பலகையில் நான் எழுதிய கட்டுரையைப் பிழையின்றிப் பார்த்தெழுதியவனுக்கே மிகுந்த மதிப்பெண் அளித்தேன். தானாகச் சிந்தித்துத் தடுமாறி எழுதிய ஒரு சிறுவனின் ஏட்டில் சிவப்பு மையால் கோடிட்டது இன்றும் நினைவிலிருக்கிறது. அவன் எழுதியது என்ன என்பதுதான் நினைவில் இல்லை.

1944 செப்டம்பரில் பாவெலை வேறு முகாமுக்கு அனுப்பினர். அம்மையார் தாமே முன்வந்து அடுத்து வரும் வண்டியொன்றில் தம் பெயரைச் சேர்க்கச் செய்தார். புறப்படுமுன் பிள்ளைகளின் படங்கள் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூற்றை இரண்டு பெட்டிகளில் அடுக்கி, மறைத்து வைக்கச் செய்தார். அக்டோபர் 6ஆம் நாள் வண்டி புறப்பட்டது. 9ஆம் நாள் ஆஷ்விட்சில் அவர் கொல்லப்பட்டார். அவர் தேடிச் சென்ற கணவர் பிழைத்தார்.

போர் முடிந்தபின், 1945இல், சிறுமியர் இல்லத்தின் பொறுப்பாளராயிருந்த வில்லி குரோக் அப்பெட்டிகளைப் பிராகாவில் சேர்ப்பித்தார். அப்படங்கள் அந்நகரத்து யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்த பிள்ளைகளுள் சிலர் பிழைத்து முதுமை எய்தினர்; பெரும்பாலோர் திரும்பவில்லை. நூலை என்னிடம் காட்டிய மாணாக்கர் பக்கங்களை வேகமாகப் புரட்டினார். நான் அவர் கையைத் தடுத்து, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் இருந்த பெயரைத் தட்டுத் தடுமாறி உரக்கப் படித்தேன்.