பந்துக்கு முந்திப் போகும் கண்

1948 மார்ச் மாதம். இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி வழியில் கொழும்பில் இறங்கி, ஓவல் மைதானத்தில் இலங்கையுடன் ஒருநாள் ஆடியது. இலங்கை அணியின் தலைவர் மகாதேவன் சதாசிவம். வெஸ்லி கல்லூரியின் பழைய மாணவர், தமிழ் யூனியன் கழகத்தின் துடுப்பாட்ட வீரர், அதற்கு முந்திய ஆண்டுதான் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். அந்தக் கொழும்பு ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பிரட்மனிடம் போய்விடுவார்கள். என் மனம் போய் நிற்பது ஆடுகளத்தின் நீளத்தில். 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் அன்று 20 யார்தான் இருந்தது.

இரண்டு யார் என்பது 1.83 மீற்றர். மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்கச் செக்கனில் இருபதில் ஒரு பங்கு போதும். கண்ணை ஒருமுறை இமைக்கவே அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். இவ்வளவு சிறிய நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமா என்று தோன்றும். ஆனால் சரியான நீளமுள்ள ஆடுகளத்திலேயே, பந்து வீசியவரின் கையைவிட்டுத் துடுப்பை வந்து சேர ஏறத்தாழ அரைச் செக்கன்தான் ஆகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு அன்று யாருக்கும் தெரியாமல் களவுபோயிருந்தது.

அந்த அரைச் செக்கனும் முழுதாக நம் கையில் இல்லை. விழித்திரையில் பட்ட ஒளி மூளையின் பின்புறத்துக்குப் போய், அங்கிருந்து முன்னே வந்து, முள்ளந்தண்டு வடம் வழியே தசைகளுக்கு இறங்கி, தசைகள் சுருங்கி, ஒரு கிலோவுக்கு மேல் பாரமுள்ள துடுப்பின் பாதையை மாற்ற வேண்டும். இதற்குச் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு, 0.2 செக்கன், போய்விடுகிறது. பீட்டர் மக்லியோட் என்ற உளவியலாளர் 1987இல் இதை அழகாக அளந்து காட்டினார். ஆடுகள விரிப்புக்கு அடியில் மரக் குச்சிகளைப் பதித்து, பந்து விழுந்தபின் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி செய்தார். சர்வதேச ஆட்டக்காரர்களை நிறுத்தி ஆடவிட்டுப் படம் பிடித்தார். பந்து திரும்பி ஏறத்தாழ 0.2 செக்கன் வரைக்கும் அவர்களுடைய துடுப்பில் எந்த மாற்றமும் இல்லை. உலகத்தரமான ஆட்டக்காரருக்கும் சாதாரண மனிதருக்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

நான் இதை முதலில் வாசித்தபோது நம்ப மறுத்தேன். வேகமான கை, கூரான கண் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வேகம் கையில் இல்லை, கண்ணின் கூர்மையிலும் இல்லை என்றால் வேறெங்கே இருக்கிறது?

அதே மக்லியோட்டும் மைக்கல் லாண்டும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழிகாட்டியது. துடுப்பாட்டக்காரரின் தலையில் சிறிய கமெராவைப் பொருத்தி, அவருடைய பார்வை எங்கே போகிறது என்று பதிந்தார்கள். பந்து கையைவிட்டுப் புறப்படும் கணத்தைக் கண் பார்க்கிறது. பிறகு கொஞ்சம் அசையாமல் நிற்கிறது. அதன்பின் பந்தை அப்படியே விட்டுவிட்டு, அது தரையில் விழப்போகும் இடத்துக்கு ஒரே பாய்ச்சலில் போய்க் காத்திருக்கிறது. பந்து அங்கே பிறகுதான் வந்து சேர்கிறது. நல்ல ஆட்டக்காரரின் கண் இந்தப் பாய்ச்சலை முந்திச் செய்கிறது, திறமை குறைந்தவரின் கண் பிந்திச் செய்கிறது. ‘கடைசி வரைக்கும் பந்தைப் பாரடா’ என்று மைதானந்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உலகில் எந்தக் கண்ணும் வேகப்பந்தை அப்படி இடைவிடாமல் பார்ப்பதில்லை.

தமிழ் யூனியன் கழகம் தொடங்கிய 1899ஆம் ஆண்டில்தான் ரொபர்ட் வூட்வர்த் என்ற அமெரிக்கர் கை அசைவைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். தாளக்கருவியின் தட்டுக்கு ஏற்பக் கோடு இழுக்கச் சொல்லி, கண் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் பிழை எவ்வளவு என்று பார்த்தார். மெதுவாக இழுத்தால் கண் உதவுகிறது. வேகம் ஏற ஏற, கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். ஓர் அசைவில் முதலில் ஒரு வீச்சு, அது முன்பே தீர்மானிக்கப்பட்டது. பிறகு நேரம் இருந்தால் ஒரு திருத்தம். நூற்றாண்டு கடந்தும் இந்தப் பிரிப்பு நிற்கிறது. அந்த முதல் வீச்சு எப்படித் தயாராகிறது என்பதை ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா ஷெனாய் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கையை நீட்டுவதற்கான சைகைக்காகக் குரங்கு காத்திருக்கும்போதே, தசை எதுவும் அசையாமல், மூளையின் இயக்கப் பகுதியில் உள்ள நரம்பணுக்கள் வரப்போகும் அசைவுக்கேற்ற நிலைக்கு வந்துவிடுகின்றன. அந்த நிலைக்குச் சரியாக வந்திருந்தால் கை சீக்கிரம் புறப்படுகிறது.

இதையெல்லாம் படித்தபின் சதாசிவத்தின் லேட் கட் எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த அடியைத்தான் முதலில் சொல்வார்கள். பந்து தன்னைக் கடந்து போகும் வரை விட்டுவைத்து, விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தால் மெல்லத் தட்டிவிடுவாராம். நேரம் அவருக்கு மட்டும் தாராளமாகக் கிடைத்தது என்பார்கள். மற்றவர்களுக்குள்ள அதே 0.2 செக்கன் தாமதம் அவருக்கும் இருந்திருக்கும். பந்து எங்கே விழும், எவ்வளவு எழும் என்ற கணிப்பு அவருக்குள் முந்தியே முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் பிந்தி ஆட முடிந்தது என்று நினைக்கிறேன்.

அதே கழகத்துக்கு ஆடிய முத்தையா முரளிதரனின் பந்து எவ்வளவோ மெதுவானது. 85 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் துடுப்பாட்டக்காரருக்கு முக்கால் செக்கன் கிடைக்கிறது. ஆனால் அது திரும்புவது விழுந்த பிறகு. துடுப்புக்கு மூன்று மீற்றர் முன்னால் விழுந்தால் எஞ்சுவது ஏறத்தாழ 0.15 செக்கன்தான், திருத்திக்கொள்ளத் தேவையான நேரத்தைவிடக் குறைவு. ‘குட் லெங்த்’ என்று பயிற்றுநர்கள் சொல்லும் இடம் அதுதான். முன்காலில் நன்றாகப் போய்ப் பந்து திரும்புமுன் சந்திக்க வேண்டும், அல்லது பின்காலில் போய்த் திரும்பியதைப் பார்த்து ஆட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றவர்கள் பலர் அவருடைய 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் இருக்கிறார்கள். 2001இல் இலங்கைக்கு வந்த பிரயன் லாரா மூன்று டெஸ்ட்களில் 688 ஓட்டங்கள் எடுத்தார். அவர் முரளியை ஆடுகளத்தில் படிக்கவில்லை, மணிக்கட்டில் படித்தார்.

ஆடாமல் விடுவதும் ஓர் அசைவுதான். ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துக்குத் துடுப்பு கிளம்பிவிட்டது, கடைசிக் கணத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். கோர்டன் லோகனும் வில்லியம் கவனும் 1984இல் இதை ஓட்டப்பந்தயமாக விளக்கினார்கள். ‘செய்’ என்று ஒன்றும் ‘நிறுத்து’ என்று ஒன்றும் மூளைக்குள் தனித்தனியே ஓடுகின்றன, முந்தியது வெல்கிறது. நிறுத்து என்ற கட்டளை நிறைவேறவும் ஏறத்தாழ 0.2 செக்கன் வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் ஆய்வுக்கூடம் இதைக் கண்ணசைவில் தொடர்கிறது. பார்க்கவேண்டிய புள்ளி திடீரென்று இடம் மாறினால், முதல் திட்டத்தை மூளை எப்படிக் கைவிட்டு அடுத்ததை எடுக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. ‘அந்தப் பந்தை ஏன் தொட்டாய்?’ என்று ஒரு பிள்ளையை அதட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். தொடக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த அறிவு ஓடிவந்து சேர நேரம் போதாமல் போயிருக்கும்.

இன்னும் வியப்பானது திருத்தம். பிரான்ஸின் லியோன் நகரில் மார்க் ஷனரோவின் குழு 1991இல் செய்த சோதனை ஒன்று. கையை நீட்டி ஒரு பொருளை எடுக்கப் போகும்போது வெளிச்சத்தைச் சட்டென்று பக்கத்துப் பொருளுக்கு மாற்றினார்கள். மாறியது தெரிந்தவுடன் குரல் கொடுக்கச் சொன்னார்கள். துடுப்பில்லாத அந்த வெறுங்கை 0.1 செக்கனில் பாதையை மாற்றத் தொடங்கிவிட்டது. குரல் வந்தது அதற்கும் 0.3 செக்கன் பின்னால். தெரிவதற்கு முன்பே கை திருத்திவிடுகிறது. ‘நான் பார்த்து அடித்தேன்’ என்று ஆட்டக்காரர் பிறகு சொல்வதில் பொய் இல்லை, ஆனால் அந்தக் கதை கைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

ஒரு பந்தில் பிந்திய திருத்தம் அடுத்த பந்துக்கு உதவுகிறது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு சிறுமூளை அடுத்த கணிப்பைச் சரிசெய்கிறது. மின்சாரம் போன இரவில் மாடிப்படி இறங்கும்போது, இல்லாத ஒரு படிக்காகக் கால் ஓங்கி விழுவது போலத்தான் 20 யார் ஆடுகளமும். உடம்பில் 22 யார் பதிந்திருக்கிறது.

அதனால்தான் மாலையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பெடியள் ஆடுவதை நின்று பார்ப்பது எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. காலி வீதியிலிருந்து ரயில் பாதையை நோக்கி இறங்கும் அந்த ஒழுங்கைகளில் ஆடுகளத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது நிறுத்தியிருக்கும் கார்கள். “அண்ணா, வான் வருது!” என்று ஒருவன் கத்த, விக்கெட்டாக நின்ற கதிரையைத் தூக்குவார்கள். வான் போனபின் அதை வேறோர் இடத்தில் வைப்பார்கள், நீளம் மாறிவிடும். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கத்துச் சந்துகளில் நீளம் இன்னும் குறைவு. முதல் ஓரிரு பந்துகள் தவறும், பிறகு துடுப்பு நேரத்துக்கு வந்துவிடும். யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளைத் தெருவிலிருந்து கூட்டிக்கொண்டு போய்ப் பந்தெறியும் இயந்திரத்தின் முன்னால் மட்டும் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இயந்திரத்துக்குத் தோள் இல்லை, மணிக்கட்டு இல்லை. மனிதர் வீசும்போதும் இயந்திரம் எறியும்போதும் துடுப்பாட்டக்காரரின் அசைவு நேரங்கள் வேறுபடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இயந்திரம் நூறு பந்து எறியட்டும், பரவாயில்லை. அதோடு உயரமானவன், குள்ளமானவன், இடக்கையன், ஓடிவந்து தடுமாறுகிறவன் என்று பலர் பல தூரங்களிலிருந்து வீசட்டும். பந்து கையைவிடும் கணத்தில் திரையை இறக்கிவிட்டு, ‘எங்கே விழும்?’ என்று மட்டும் கேட்டுப் பழக்கலாம். துடுப்புகூட வேண்டாம், வெள்ளவத்தை மொட்டைமாடி ஒன்று போதும்.